கால்நடை மருத்துவக் கல்வியும் நம் பிள்ளைகளின் எதிர்காலமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா என்றவுடன் ஆடலும் பாடலும் நாடகமும் நினைவிற்கு வருவது இயல்பு. அவை வேண்டியவையே. ஆயினும், பிள்ளைகள் நாளை எத்தொழிலிற் புகுவர் என்னும் வினா காலனியின் ஒவ்வொரு வீட்டிலும் தேர்வு முடிவு வரும் நாளில் எழுகின்றது. அதற்கு நாம் மூன்று விடைகளையே சொல்லிப் பழகிவிட்டோம். ஒன்று டாக்டர், மற்றொன்று எஞ்சினீயர், இரண்டும் கைகூடாவிடில் ரயில்வே. இன்று நான்காவதான ஒரு துறையைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். அது கால்நடை மருத்துவம்.

இதனை இன்று எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டில் நம் காலனிப் பெண் ஒருத்திக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பெயர் வேண்டா. "மாட்டு டாக்டருக்கா படிக்க வைப்பது?" என்றார் ஒருவர். "நடுநிசியில் மாட்டுக்குப் பேறு பார்க்கப் பெண்பிள்ளை போவதா?" என்றார் மற்றொருவர். வீட்டார் எண்ணிக்கொண்டே இருக்கச் சேர்க்கைக்குரிய கடைசி நாள் கடந்து போயிற்று. அப்பெண் இவ்வாண்டு மீண்டும் தேர்வு எழுதுகின்றாள். யாரையும் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. செய்தி அறியாமல் ஒரு வீடு முடிவு செய்ய நேர்ந்தால், இழப்பு பிள்ளையின் தலையில் விழுகின்றது என்பதற்காகவே சொல்கின்றோம்.

பழைய தொழில், புதிய கல்வி

மாட்டு வாகடம் என்னும் நூல் வகை தமிழில் பல தலைமுறையாக வழங்கி வருவது. ஊர்தோறும் மாட்டு வைத்தியர் இருந்தனர். அசோக மன்னரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறுகின்றது. அதே கல்வெட்டில் சோழர், பாண்டியர் பெயர்களும் வருகின்றன.

முறையான கல்லூரியாக இக்கல்வி உலகில் முதன்முதலில் தொடங்கியது பிரான்சு நாட்டு லியோன் நகரில், 1761இல். நம் நாட்டில் லாகூரில் 1882இலும், பம்பாயில் 1886இலும், கல்கத்தாவின் பெல்காச்சியாவில் 1893இலும், சென்னையில் 1903இலும் கல்லூரிகள் எழுந்தன. 1936இல் சென்னைக் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இத்துறையில் பட்டம் வழங்கும் முதற் கல்லூரியாயிற்று. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், இந்தியாவிலேயே இத்துறைக்கென அமைந்த முதற் பல்கலைக்கழகமாகப் பிறந்தது. பெல்காச்சியாக் கல்லூரி 1995இல் அமைந்த மேற்கு வங்காள விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தின் இல்லமாயிற்று.

இப்பெல்காச்சியா நமக்கு எவ்வளவு அண்மை என்பதை எண்ணிப் பாருங்கள். 2024ஆம் ஆண்டு மார்ச்சில் கங்கையின் அடியிலேயே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஹவுராவில் ஏறி, எஸ்பிளனேடில் மாறினால், டம்டம் செல்லும் வண்டி பெல்காச்சியாவில் இறக்கிவிடும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கல்லூரி இத்துணை அருகில் இருந்தும், நம்மிற் பலர் அதன் வாயிலைக் கண்டதில்லை.

மாணவர் விருப்பம் யாது?

பெல்காச்சியாவில் பயிலும் மாணவர் சிலரோடும், தமிழகத்தில் பயிலும் நம் உறவினர் பிள்ளைகளோடும் உரையாடினோம். அவர்கள் கூறியவற்றைத் தொகுத்துச் சொல்கின்றோம்.

இப்படிப்பிற்கு வந்தவர்களில் ஒரு சாரார், எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காமையால் வந்தவர். மற்றொரு சாரார், வீட்டில் மாடோ ஆடோ வளர்ந்ததைக் கண்டு வந்தவர். நாய், பூனை, காட்டு விலங்கு ஆகியவற்றின்பால் கொண்ட அன்பினால் வந்தோரும் உளர். எவ்வழியில் வந்தாலும் முதலாண்டின் இறுதியிற் பெரும்பாலோர் மனம் ஊன்றிவிடுகின்றனர் என்று அவர்களே கூறினர்.

பட்டம் பெற்றபின் என்ன செய்ய விருப்பம் என்று கேட்டால், முதலில் வரும் விடை அரசாங்க உத்தியோகம். தமிழ்நாட்டில் கால்நடை உதவி மருத்துவர் பதவிக்குத் தேர்வாணையம் வழியே ஆள் எடுக்கின்றனர். நிலையான சம்பளம், விடுப்பு, ஊரில் மதிப்பு ஆகியவற்றை வேண்டுவதில் வியப்பில்லை; ரயில்வேயில் நாம் வேண்டியதும் அதுவே அன்றோ? ஆனால் பதவிகள் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவதில்லை. அறிவிப்பிற்குக் காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பதற்கும் ஒரு திட்டம் வேண்டும்.

இரண்டாவது விருப்பம், நகரத்தில் செல்லப் பிராணிகளுக்கான மருத்துவமனை வைப்பது. நாய் வளர்ப்போர் தொகை பெருகி வருவதால் இதற்கு வாய்ப்புண்டு. ஆனால் கருவிகளுக்கு முதல் வேண்டும். பெயர் எடுக்கக் காலமும் வேண்டும். அனுபவம் மிக்க மருத்துவர் ஒருவரின் கீழ்ச் சில ஆண்டுகள் பணி செய்துவிட்டுத் தொடங்குவது நன்று என்று மூத்தோர் கூறுகின்றனர்.

மூன்றாவது, மேற்படிப்பும் ஆராய்ச்சியும் அயல்நாடும். அமெரிக்கா போன்ற நாடுகளில் தொழில் செய்ய நம் பட்டம் மட்டும் போதாது. அந்நாட்டுத் தேர்வுகளிலும் தேற வேண்டும்.

மாணவர் அதிகம் எண்ணாத வேறு வழிகளும் உள. நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகள், பால் கூட்டுறவுச் சங்கங்கள், தடுப்பூசியும் மருந்தும் செய்யும் தொழிற்சாலைகள், வங்கிகளின் வேளாண் அலுவலர் பதவி, குதிரைப் பந்தயச் சங்கங்கள், இராணுவத்தின் ரிமவுண்ட் அண்ட் வெட்டரினரி கோர் ஆகிய அனைத்திலும் இப்பட்டதாரிகளுக்கு இடமுண்டு. காட்டு விலங்கு மருத்துவத்தைப் பலரும் கனவு காண்கின்றனர். பதவிகளோ மிகச் சில. ஆயினும் முதுமலை யானைகளோடு வாழ்நாளைக் கழித்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை நம்மவர் அறிவர். 2002இல் மறைந்த அவரைப் பற்றி எழுத்தாளர் ஜெயமோகன் 'யானை டாக்டர்' என்னும் கதையே எழுதினார். பதவி சிறிதாயினும் மனிதர் பெரியவராக இயலும் என்பதற்கு அவர் சான்று.

பணி வேண்டுவது யாது?

1972இல் வெளிவந்த ஜேம்ஸ் ஹெரியட்டின் நூலைப் படித்து இத்தொழிலுக்கு வந்தோர் உலகெங்கும் உளர். ஆல்பிரட் வைட் என்னும் கால்நடை மருத்துவர் புனைந்துகொண்ட பெயரே அது. இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் தாம் கண்டவற்றை நகைச்சுவையோடு எழுதினார். ஆனால் அந்நகைச்சுவையின் பின்னே குளிரும், சேறும், தூக்கமற்ற இரவும் இருந்தன. நம் நாட்டிலும் அப்படியே.

கன்று குறுக்கே நின்றால் தோள்வரை கையை விட்டுத் திருப்ப வேண்டும். கோமாரி, அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றிற்குத் தடுப்பூசி போட ஊர் ஊராகச் செல்ல வேண்டும். மாடு உதைக்கும், நாய் கடிக்கும். ஆதலின் மாணவர் தாமே வெறிநோய்த் தடுப்பூசியை முன்னதாகப் போட்டுக்கொள்ளல் அவசியம். கன்று வீச்சு நோய் போன்றவை விலங்கிலிருந்து மருத்துவரையே பற்றக்கூடியவை.

இவ்வங்க நாட்டிலேயே 2008ஆம் ஆண்டு ஜனவரியில் பீர்பூம் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் தோன்றிப் பல மாவட்டங்களிற் பரவியது. இலட்சக்கணக்கான கோழிகளைக் கொன்று புதைக்க வேண்டியதாயிற்று. உயிரைக் காக்கப் பயின்றவர்களே உயிரைப் போக்கும் பணியை மேற்பார்க்க நேர்ந்தது. கோழி ஒன்றே செல்வமாகிய ஏழைக் குடியானவளின் கண்ணீருக்கும் அவர்கள் விடை சொல்ல வேண்டியிருந்தது. இத்தகைய நாளுக்கும் மனம் உறுதி பெற வேண்டும்.

இத்தொழிலின் பெருமையும் சிறிதன்று. வெக்கை நோய் என்று நம் பாட்டன்மார் அஞ்சிய கொடிய மாட்டு நோயைக் கேட்டிருப்பீர்கள். ஒரு தொழுவத்தையே ஒரு வாரத்தில் வெறுமையாக்கியது அது. இந்தியாவில் 1995இல் அதன் கடைசி நிகழ்ச்சி. 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மனிதர் ஒழித்த நோய்களில் பெரியம்மைக்கு அடுத்தது இதுவே. ஊர் ஊராக நடந்த கால்நடை மருத்துவர்களும் தடுப்பூசிப் பணியாளர்களும் இதனைச் செய்தனர். அவர்கள் பெயரை நாம் அறியோம். காலையில் வீட்டு வாயிலுக்கு வரும் பாலில் அவர்கள் உழைப்பு இருக்கின்றது.

மாணவர் எதிர்பார்ப்பது யாது?

பணி அவர்களிடம் இவ்வளவு வேண்டுமாயின், அவர்களும் பணியிடத்தில் சிலவற்றை வேண்டுகின்றனர். சம்பளம் முதலாவது. அதனோடு மருந்தும் கருவியும் உள்ள மருந்தகம், பழகிய உதவியாளர், தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ், இரவில் அழைப்பு வந்தால் ஒரு வாகனம், தவறு நேராமல் வழிகாட்டும் மூத்தவர் ஆகியவற்றைக் கேட்கின்றனர். "மனித டாக்டருக்குத் தரும் மதிப்பில் பாதியாவது வேண்டும்" என்று ஒரு மாணவர் கூறியது நம் நெஞ்சைத் தொட்டது.

இவற்றுள் மிகையானது ஒன்றுமில்லை. 1976இல் வந்த தேசிய வேளாண்மைக் குழுவின் அறிக்கை, 5,000 கால்நடைக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்றது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கால்நடைகள் 53 கோடிக்கு மேல். கோழியினம் 85 கோடிக்கு மேல். கணக்கெழுதிப் பழகிய நமக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டா. நாட்டிற்கு இவர்கள் இன்னும் மிகுதியாகத் தேவை. ஆனால் கருவியற்ற மருந்தகமும் பூட்டிய குவார்ட்டர்ஸும் காட்டி இளைஞரைச் சிற்றூருக்கு அழைத்தால், அவர் நகரத்தை நாடுவதில் வியப்பென்ன?

பெண்பிள்ளைகளைப் பற்றி

1952இலேயே சென்னைக் கல்லூரியில் பட்டம் பெற்ற சக்குபாய் ராமச்சந்திரன் அம்மையார், இந்தியாவின் முதற் பெண் கால்நடை மருத்துவர் எனப் போற்றப்படுகின்றார். அக்காலத்தில் அவர் குடும்பத்தார் எத்தனை கேள்விகளைக் கேட்டிருப்பர்! இன்று தமிழகக் கல்லூரிகளில் பெண்கள் பெருந்தொகையினராகப் பயில்கின்றனர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இத்தொழிலில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. உடல் வலிமை ஒன்றால் மாட்டை அடக்க ஆணாலும் இயலாது. கயிறும் கட்டும் முறையும் மருந்துமே அதனைச் செய்கின்றன. இரவுப் பயணத்தின் பாதுகாப்புப் பற்றிய தாயின் அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து, வாகனமும் துணையும் தருமாறு கேட்பது, படிப்பை மறுப்பதன்று.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, காலத்தைக் கணக்கிடுங்கள். படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு பயிற்சி மருத்துவராக உழைப்பது.

இரண்டாவது, சேர்க்கை விதிகளை முன்னரே அறியுங்கள். நூற்றுக்குப் பதினைந்து இடங்கள் நீட் மதிப்பெண்ணைக் கொண்டு அகில இந்திய ஒதுக்கீடாக நிரப்பப்படுகின்றன. ஏனையவற்றிற்கு மாநில விதிகள் உண்டு. நாமோ இரு மாநிலத்திற்கும் இடைப்பட்டவர். இங்கே படித்த பிள்ளைக்கு எந்த மாநிலத்தின் இருப்பிடச் சான்று கிடைக்கும் என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே ஆராய்ந்து, தாள்களைத் திரட்டி வையுங்கள்.

மூன்றாவது, பிள்ளையை ஒருநாள் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சீழும் குருதியும் கண்ட பின்னும் விருப்பம் நிலைத்தால், அவ்விருப்பத்தை நம்பலாம். நிலைக்காவிடில் வற்புறுத்த வேண்டா.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். மேனிலை வகுப்புப் பிள்ளைகளை ஆண்டிற்கொரு முறை பெல்காச்சியாவிற்கு அழைத்துச் சென்று, அங்குள்ள மாணவரோடு பேசச் செய்ய வேண்டும். சேர்க்கை நாட்களை நம் அறிவிப்புப் பலகையில் உரிய காலத்தில் எழுதிவைக்க வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும்.

அன்பர்களே! நம்மிற் பலர் மெட்ரிக் தேறியவுடன் கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டு இவ்வூருக்கு வந்தோம். தேர்ந்தெடுக்க நமக்கு வாய்ப்பில்லை. நம் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு உண்டு. இவ்வாண்டு அப்பெண்ணிற்கு மீண்டும் ஓர் இடம் வருமாயின், கடைசி நாளுக்கு முன்னரே காலனியார் கூடி அவளை வழியனுப்புவோமாக. 

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!