முப்பது விநாடிப் படம்



தலைநகரில் மாலை ஆறு மணிக்கு மேல் அலுவலகங்கள் கலையும் வேளையில், சாலை நெடுகிலும் ஒரு காட்சியைக் காண்கிறோம். ஸ்கூட்டரில் செல்லும் இளைஞர் ஒருவர் கைப்பேசியைத் தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையே செருகிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்தவாறு பேசிக்கொண்டு போகிறார். சிவப்பு விளக்கில் அவர் நம் அருகே வந்து நிற்கும்போது காதில் விழும் பேச்சு சில நாள் தமிழாகவும் இருக்கிறது. "இல்லைம்மா, இன்னும் வீடு போய்ச் சேரலை. சொல்லு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இந்தப் பேச்சின் அருமை தெரியும். அதன் அபாயமும் தெரிந்திருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இத்தனைக்கும் கைப்பேசி காரணமன்று. ஆயினும், ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு, பயன்படுத்தாதோரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டமும், ஓட்டும்போது கைப்பேசியைக் கையாளுவதை அபாயகரமாக ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, பேச்சும் நடக்கிறது. இடையே மனம் மாறுவதற்கு என்ன வழி?

முப்பது விநாடி ஓடும் ஒரு கார்ட்டூன் படத்தை நாமே திட்டமிட்டுப் பார்ப்போம். வானொலியில் படத்தைக் காட்ட இயலாது. ஆகவே கண்களை மூடிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் மட்டும் தயவுசெய்து மூட வேண்டாம்.

சாதாரணத் திரைப்படத்தில் வேண்டியதற்கு மேலாகவே படம் பிடித்துக்கொண்டு, பிறகு வெட்டி ஒட்டலாம். கார்ட்டூன் படத்தில் அது கட்டுப்படியாகாது. திரையில் விநாடிக்கு 24 பிம்பங்கள் ஓடுகின்றன. 30 விநாடிக்கு 720. ஒரு சித்திரத்தை இரண்டு பிம்பங்களுக்கு நிறுத்தினாலும் 360 சித்திரங்கள் தேவை. கணினி வந்து உழைப்பைக் குறைத்திருக்கிறது, யோசனையைக் குறைக்கவில்லை. எனவே வெட்டுவதையெல்லாம் வரைவதற்கு முன்பே, காகிதத்தில் வெட்டிவிட வேண்டும். அதற்காகவே 'ஸ்டோரி போர்டு' என்னும் சித்திரத் திட்டம் இருக்கிறது. கட்டம் கட்டமாகச் சிறு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் நிகழ்ச்சி, ஒலி, விநாடிக் கணக்கு. அவ்வளவே.

முதல் கட்டம் வரையும் முன்னர் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: படம் சொல்லப்போகும் ஒரே செய்தி யாது? 'கைப்பேசி கெட்டது' என்பதன்று. 'விபத்து பயங்கரமானது' என்பதும் எல்லோரும் அறிந்ததே. நசுங்கிய வண்டியையும் இரத்தத்தையும் காட்டினால் பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'அவன் கவனமில்லாதவன், நான் அப்படியல்லன்' என்று சமாதானமும் அடைவார். நாம் சொல்ல வேண்டியது இதுதான்: உடல் இருக்கையில் இருக்கும்போதே மனம் இறங்கிப் போய்விடுகிறது. புகைப்படக் கருவிக்கு அகப்படாத இதைச் சித்திரம் காட்டிவிடும்.

1974இல் வெளிவந்த 'ஏக் அநேக் ஔர் ஏக்தா' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வேடனின் வலையோடு சேர்ந்து பறக்கும் பறவைகளைக் கண்ட குழந்தைக்கு ஒற்றுமைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அத்தகைய ஒரு சித்திரம் நமக்கும் வேண்டும்.

இனிக் கட்டங்களைப் பார்ப்போம். முதல் நான்கு விநாடி: அகன்ற சாலையில் ஓர் இளைஞன் ஸ்கூட்டரில் போகிறான். அடுத்த மூன்று: கைப்பேசி ஒலிக்கிறது, காதருகே செருகிக்கொள்கிறான். அடுத்த ஐந்து: அவனைப் போலவே மெல்லிய உருவம் ஒன்று அவனிடமிருந்து எழுந்து, ஒரு நூலைப் பற்றிக்கொண்டு ஊரை நோக்கிப் போகிறது. அடுத்த ஐந்து: ஊரில் சமையலறை, அந்த உருவம் தாயின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. அடுத்த நான்கு: மீண்டும் சாலை. ஸ்கூட்டரில் இருப்பது ஒரு சட்டையும் தலைக்கவசமும் மட்டுமே. உள்ளே ஆள் இல்லை. தொலைவில் பள்ளிப் பையுடன் ஒரு சிறுமி சாலையைக் கடக்க இறங்குகிறாள். அடுத்த மூன்று விநாடி: முழு மௌனம். வண்டி மட்டும் போகிறது.

மூன்று விநாடி அற்பமாகத் தோன்றலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி அதற்குள் 50 மீட்டர் கடந்துவிடும். மௌனத்தை ஏன் அங்கே வைத்தோம் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

மீதியிருப்பது ஆறு விநாடி. பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் ஒலி கைப்பேசி வழியே தாயின் காதில் விழுகிறது. "வண்டியிலயா இருக்கே? வை. வீட்டுக்குப் போய்ப் பேசு" என்கிறாள். உருவம் நூலோடு பாய்ந்து திரும்பிச் சட்டைக்குள் புகுகிறது. பிரேக். சிறுமி கடந்து போகிறாள். படம் முடிந்தது.

எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் விண்ணப்பம் ஒன்றுண்டு. பெரும்பாலும் படம் முற்றுப்பெற்ற பின்னரே வாசகம் எங்கள் மேசைக்கு வருகிறது. இந்தியில் இரண்டு மூச்சில் முடியும் வாக்கியத்தை, 'வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கும்பொழுது கைப்பேசியில் பேசாதீர்கள்' என்று தமிழாக்கினால், பேசி முடிப்பதற்குள் திரையில் வேறு காட்சி வந்துவிடும். 'வண்டி நிற்கட்டும், பிறகு பேசு' என்றால் போதும். ஆனால் அந்த யோசனை கட்டம் வரையும்போதே தோன்ற வேண்டும். சித்திரத்துக்குள் எந்த மொழி எழுத்தும் இல்லாதிருத்தல் வேண்டும். பேச்சுக்குச் சற்றே தாராளமாக இடம் விட வேண்டும். எட்டாவது அட்டவணையில் மொழிகள் 22 அல்லவா? பொருத்தமான மௌனம் அத்தனை மொழியிலும் ஒன்றே.

நாம் திட்டமிட்ட படத்தில் சிறுமியைக் காத்தவள், சாலையிலேயே இல்லாத ஒரு தாய். ஓட்டுபவருக்கு மட்டுமே அறிவுரை கூறுவது நமது வழக்கம். அழைப்பவருக்கும் இதில் பங்குண்டு. 'எங்கே இருக்கே?' என்று முதலில் கேட்பதும், 'வண்டியில்' என்ற விடை வந்தால் வருத்தமின்றி வைத்துவிடுவதும் அன்பிற் குறைந்த செயலன்று.

இன்று மாலையும் ஊரிலிருந்து அழைப்பு வரும். அது ஒலித்து ஓயட்டும். வீடு சேர்ந்து, காலணியைக் கழற்றிவிட்டு, நாமே அழைப்போம். அவர்களுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.