இல்லத்துப் பெட்டியில் உறங்கும் வரலாறு



வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. தனி மனிதர் எழுதிய நாட்குறிப்பும் கடிதமும் தன்வரலாறும் வரலாற்றுச் சான்றுகளே. பனாரசிதாசர் என்னும் சமண வணிகரை எண்ணிப் பாருங்கள். 1586இல் ஜௌன்பூரில் பிறந்தவர். 1641இல் தம் வாழ்வைச் செய்யுளாக எழுதினார். மனித ஆயுள் 110 எனக் கொண்டு, தாம் கடந்த 55 ஆண்டுகள் அதில் பாதி என்பதால் 'அர்த்தகதானகம்' எனப் பெயரிட்டார்.

1605இல் அக்பர் மறைந்த செய்தி ஜௌன்பூரை எட்டியது. படிக்கட்டில் அமர்ந்திருந்த இளைஞர் பனாரசி, கேட்ட அளவில் விழுந்து தலையில் காயமுற்றார். கடைகள் அடைபட்டன. செல்வர் நகைகளைப் புதைத்து, முரட்டுத் துணி உடுத்தனர். புதிய அரசர் பட்டமேறினார், யாவும் நலம் என்று ஆக்ராவிலிருந்து கடிதம் வந்த பின்னரே அச்சம் தணிந்தது. அரியணை யாருக்குச் சென்றது என்பதை அரசவை நூல்கள் உரைக்கும். கடைவீதி எவ்வாறு நடுங்கியது என்பதை இவ்வணிகர் உரைக்கிறார்.

ஆயினும் இது 36 ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்போ, 1736 முதல் 1761 வரை நிகழ்ந்தவற்றை அவ்வப்போதே பதிந்தது. அதில் மறதி குறைவு. போட்டியாளர்மீது கொண்ட மனத்தாங்கல் உண்டு. எனவே எழுதியவர் யார், எப்போது, யாருக்காக என வினவிப் பிற சான்றுகளோடு ஒப்பிடல் வேண்டும். ஒரு பொருளைப் பல நோக்கில் காணும் அநேகாந்தம் நமக்குப் புதிதன்று. தம் குணங்களோடு குற்றங்களையும் பனாரசிதாசர் வரிசைப்படுத்தியிருப்பது அவர் சொல்லுக்கு வலிமை சேர்க்கிறது.

என் இல்லத்தில் நிகழ்ந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். வீட்டைப் புதுப்பித்தபோது, பாட்டனாரின் கடிதக் கட்டு வெந்நீர் அடுப்புக்கு இரையாயிற்று. எடுத்துக் கொடுத்தவன் நானே. அவர் எவ்வூரில் நெல் விற்றார், எந்த ஆண்டு மழை பொய்த்தது, எவரைப் பிரிந்து வருந்தினார் என்று என் பேரன் கேட்கும்போது விடை கூற என்னிடம் ஏதுமில்லை.

உங்கள் இல்லத்துக் கடிதங்களையும் கணக்கேடுகளையும் எரிக்காதீர்கள்; எடைக்குப் போடாதீர்கள். எழுதியவர் பெயரையும் உறவுமுறையையும் முதியோரிடம் கேட்டுத் தனித்தாளில் குறித்து, ஈரமும் செல்லும் அணுகாமல் காத்து வாருங்கள். கேட்டுச் சொல்ல முதியோர் இருக்கும்போதே இதனைச் செய்துவிடுங்கள்.

ஜெய் ஜினேந்திரா!