பள்ளி வாயிலுக்கு முன்னே



'இளங்குழந்தையைப் பள்ளி முன்பருவக் கல்விக்கு ஆயத்தப்படுத்துதல்' என்ற பொருளைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச முன்வந்தபோது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு முதலில் தலைப்பே இடறிற்று. 'ஆயத்தம்' என்னும் சொல் போருக்கும் பயணத்துக்கும் பொருந்தும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது சற்றுக் கனமான சொல். 'பழக்குதல்' என்றாலோ கன்றை நுகத்தில் பூட்டுவதுபோல் தொனிக்கிறது. ஆகவே தலைப்பை அவ்வண்ணமே விட்டுவிட்டு, வீட்டில் நடப்பதை வீட்டுச் சொற்களாலேயே சொல்லிவிடுவது என்று துணிந்தோம்.

மைசூரிலிருந்து இதைப் பேசுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. 1935-ஆம் ஆண்டில், மகாராஜா கல்லூரியின் உளநூற் பேராசிரியரான எம். வி. கோபாலஸ்வாமி அவர்கள் இவ்வூரில் தம் இல்லத்திலேயே ஓர் ஒலிபரப்பு நிலையத்தை நிறுவினார். 'ஆகாசவாணி' என்று பின்னர் நாடு முழுவதும் வழங்கிய பெயர் அந்நிலையத்தின் பெயரே. உள்ளத்தை ஆராய்ந்தவரின் வீட்டிலிருந்து எழுந்த வானொலியில் குழந்தை உள்ளத்தைப் பற்றிப் பேசுவது தகும் அன்றோ? மற்றொன்றும் உண்டு. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றபோது, கருநாடகத்தில் அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது இம்மாவட்டத்து டி. நரசீபுரம். இன்று அங்கன்வாடி என்றால் அறியாத சிற்றூர் இல்லை.

எங்கள் மூத்த மகன் விஷயத்தில் நாங்கள் செய்த தவற்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அவனுக்கு மூன்று வயது நிரம்பியதும் ஒரு பள்ளியில் இடம் கேட்டோம். ஐம்பது வரை எழுதத் தெரியுமா என்றார்கள். அன்றிரவே பென்சிலும் ஏடும் வாங்கி வந்தோம். இரண்டு மாதம் நாள்தோறும் மாலை வேளையில் எங்கள் வீட்டில் ஒரே அழுகை. இடம் கிடைத்தது, ஆனால் பென்சிலைக் கண்டாலே கைகளை முதுகுக்குப் பின்னே ஒளித்துக்கொள்ளும் வழக்கம் அவனை விட்டு அகல இரண்டு ஆண்டுகள் ஆயின.

அக்கைகளின் உள்ளமைப்பை அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை. வளர்ந்த மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பே. ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக இறுகி, எல்லாம் எலும்பாக உருப்பெறப் பத்துப் பன்னிரண்டு வயதாகிறது. மூன்று வயதில் பாதிக்கும் குறைவானவையே இறுகியிருக்கும். விரல் தசைகளின் கதையும் அவ்வாறே. இத்தகைய கையில் மெல்லிய பென்சிலைத் திணித்துக் கட்டத்துக்குள் எழுதச் சொல்வது எத்துணைக் கொடுமை!

ஆயின் அக்கைக்கு வேறு வேலை உண்டு. மார்கழி, தை மாதங்களில் மைசூர்ச் சந்தைகளில் அவரைக்காய் மணம் வீசுமே, 'சொகடு' என்று இவ்வூரார் போற்றும் அந்த மணம், அக்காலத்தில் எங்கள் இளைய மகளுக்கு வயது இரண்டரை. காயை உரித்து, விதையை நீரில் ஊறவைத்து, தோலைப் பிதுக்கிப் பருப்பை எடுக்கும் வேலையில் அவளையும் அமர்த்தினோம். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஓர் அளவோடு அழுத்தவேண்டும். குறைந்தால் பருப்பு வராது. மிகுந்தால் கூடத்தின் மறுகோடிக்குப் பறக்கும். முதல் நாள் பெரும்பாலும் பறந்தவைதாம். பென்சில் பிடிக்க வேண்டிய அதே இரு விரல்கள், அதே அளவறிந்த அழுத்தம். அரைமணி நேரம் அவள் வாய் திறக்கவில்லை. விதைகளை மூக்கிலும் வாயிலும் இட்டுக்கொள்ளும் வயது அது. ஆகையால் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தே தீரவேண்டும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் அடையாற்றுக்கு வந்து, போரின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. இடையில் கொடைக்கானலிலும் வாழ்ந்தார். ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றில் நீர் வார்த்தல், பித்தான் இடுதல், பெருக்குதல், துடைத்தல் இவற்றையே அவர் சிறு குழந்தைகளுக்குரிய முதற் பயிற்சிகளாக வகுத்தார். சிறு செம்பில் கால்பங்கு நீர் கொடுங்கள். சிந்தினால் துடைக்க ஒரு துணியும் கொடுங்கள். நாம் முந்திக்கொண்டு துடைத்தால் பாதிப் பாடம் போயிற்று. உண்ணும் வேளையில் ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் குழிக்கொரு விதை இடச் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்னும் இவ்வுணர்வு இல்லாமல் ஐம்பது வரை ஒப்பிப்பது வெறும் ஓசை.

இனி, நமக்கு மிகவும் உவப்பான பகுதிக்கு வருகிறோம். மைசூரில் வாழும் தமிழ்க் குழந்தை பள்ளிக்குள் நுழைந்ததும் கன்னடம் கேட்கிறது. வீட்டிலேயே தமிழை விட்டுவிடலாமே என்று சிலர் எண்ணுகின்றனர். நமக்கு அது உடன்பாடு அன்று. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 2022-இல் வெளிவந்த அடிப்படை நிலைக்கான பாடத்திட்டச் சட்டகமும் வீட்டு மொழியின் வழியாகவே இளங்குழந்தை கற்கவேண்டும் என்கின்றன. கதையும் கேள்வியும் நிறைந்த ஒரு மொழி உள்ளே இருந்தால் இரண்டாம் மொழி அதன்மேல் எளிதில் ஏறும். பழங்கன்னடத்துப் பகரம் பல சொற்களில் பின்னர் ஹகரமாகத் திரிந்தது. இலக்கணம் கூறவேண்டா, விளையாட்டாகச் சொல்லுங்கள்: பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பத்து ஹத்து. எங்கள் மகள் இதைப் பிடித்துக்கொண்டு, பூனையை 'ஹூனை' என்றாள். கன்னடத்தில் அது பெக்கு, பிழைதான். ஆனால் விதியை உணர்ந்தவர்க்கே வாய்க்கும் பிழை! தாகத்துக்கு 'நீரு பேக்கு' என்பதையும், தன் முழுப் பெயரையும், சிறுநீர் கழிக்கவேண்டும் என்று சொல்லும் முறையையும் இரண்டு மொழியிலும் பழக்கினோம்.

எஞ்சியது பிரிவு. அண்டை வீட்டு அஜ்ஜியிடம் முதலில் கால்மணி, பிறகு ஒருமணி என விட்டு வந்தோம். குழந்தை வேறுபுறம் பார்க்கையில் நழுவிவிடுவது எளிது. ஆயினும் நாங்கள் அதைச் செய்யவில்லை. "அம்மா, போய்விட்டுக் காப்பி குடித்ததும் வருகிறோம்" என்று முகம் நோக்கிச் சொல்வோம்; சொன்னபடி வருவோம். ஒருநாள் மழையில் தாமதித்துவிட்டு நெடுநேரம் சமாதானம் சொல்ல நேர்ந்தது.

சென்ற ஆனி மாதத்தில் அவள் அங்கன்வாடியில் சேர்ந்தாள். முதல் நாளும் இரண்டாம் நாளும் அழவில்லை. மூன்றாம் நாள் நன்றாக அழுதாளாம். அதுவும் இயல்பே. அழுது முடித்து 'நீரு பேக்கு' என்று கேட்டு வாங்கிக் குடித்தாள் என்று ஆசிரியை சொன்னார். அருகில் அமர்ந்த கன்னடப் பையனுக்குப் பாட்டுப் புத்தகத்தில் இருந்த 'ஹாவு' தமிழில் யாது என்று கற்பித்தும் இருக்கிறாள். மறுநாள் காலை எங்களை வாயிலில் கண்டதும் அச்சிறுவன் ஓடிவந்து, மிக்க மரியாதையுடன், "பாம்பு" என்று அழைத்தான்.