கிரிப்டோ நாணயமும் நமது கல்வி நிதியும்

(தஞ்சையில் கூடிய சங்கப் பொதுக்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட யான் இன்று நாணயத்தைப் பற்றிப் பேச முற்பட்டமை உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நமது சங்கத்து இளைஞர் சிலர், கல்விச் சகாய நிதியின் ஒரு பகுதியைக் கிரிப்டோ நாணயமாக மாற்றி வைக்கலாம் என்றும், இணையத்தின் வழியே வியாபாரஞ் செய்யும் அங்கத்தினர்கள் பொருளுக்கு விலையாக அந்நாணயத்தை வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனையை நிர்வாக சபையின் முன் வைத்திருக்கின்றனர். முதியோர் சிலரோ, அது சூதாட்டம், அதன் பெயரையும் இங்கே எடுக்கலாகாது என்றனர். ஆராயாமல் ஏற்றலுந் தவறு. ஆராயாமல் மறுத்தலுந் தவறு. ஆதலின் இருதிறத்தார் கூற்றையும் சீர்தூக்கிப் பார்த்துச் சொல்லுமாறு சபையார் என்னைப் பணித்தனர். நம் நிதி, நெல் விற்ற காசிலும் மாதச் சம்பளத்திலும் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. வரும் ஆனி மாதத்தில் கல்லூரி வாயிலில் நிற்கப்போகும் நம் பிள்ளைகளின் கட்டணம் அதனுள் இருக்கின்றது. இதனை மறவாமல் ஆராய்வோமாக.

முதலில் அப்பொருள் யாதென்று அறிவோம். 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயர் பூண்ட ஒருவரோ பலரோ ஒரு சிறு கட்டுரையை இணையத்தில் வெளியிட்டனர். வங்கி இடையே நில்லாமல் ஒருவர் மற்றொருவர்க்கு நேரே பணஞ் செலுத்தும் வழியை அது விளக்கிற்று. 2009 ஜனவரியில் பிட்காயின் என்ற பெயரால் அது நடைமுறைக்கு வந்தது. ஊர்க்கணக்கை ஒருவரே ஒரு பேரேட்டில் எழுதி வைத்திருப்பது பழைய முறை. இம்முறையிலோ, ஒரே பேரேட்டின் படிகளை உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் வைத்திருக்கின்றன. ஏறக்குறைய 10 நிமிஷத்துக்கு ஒருமுறை புதிய ஏடு ஒன்று முன்னை ஏட்டோடு பிணைக்கப்படுகின்றது. அப்பிணைப்புக்கு வேண்டிய கடினமான கணக்கை முதலில் விடுவிக்கும் கணிப்பொறிக்குப் புதிய நாணயம் கூலியாகக் கிடைக்கும். பழைய ஏட்டில் ஓர் எழுத்தைத் திருத்தினும் அதன் பின்னுள்ள ஏடுகள் யாவும் பொருந்தாமற் போகுமாதலின், கள்ளக்கணக்கு எழுதுதல் மிக அரிது. மொத்த நாணயம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்போகாது என்பதும் அதன் விதி. இவ்வமைப்பின் நுண்மை பாராட்டத்தக்கதே.

இனி, நாணயத்தின் தொழில் யாது? பொருளை மாற்றிக்கொள்ள உதவுதல், மதிப்பை அளந்து காட்டுதல், இன்றைய உழைப்பின் பயனை நாளைக்கு வைத்துக் காத்தல் என மூன்று என்பர் பொருளியலார். இம்மூன்றும் நம் நாட்டார்க்குப் புதியன அல்ல. பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைப் பாருங்கள். முதலாம் இராசராசன் காலத்தில் கோயிலின் காசை ஊர்ச்சபைகள் கடனாகப் பெற்றன. ஒரு காசுக்கு 2 கலம் நெல் என்பது விலை. ஒரு காசுக்கு ஆண்டுதோறும் 3 குறுணி நெல் பொலிசை, அஃதாவது வட்டி. 12 குறுணி ஒரு கலமாதலின் 2 கலம் 24 குறுணியாம். அதில் 3 குறுணி எட்டில் ஒரு பங்கு. காசாகச் செலுத்தினோர் ஒரு காசுக்கு அரைக்கால் காசு செலுத்தினர். அதுவும் எட்டில் ஒரு பங்கே. நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்கவேண்டும் என்பதையுங் கல்லில் வெட்டினர். மரக்காலின் பெயரைக் கல்லில் வெட்டுவானேன்? அளவு நிலைத்திருந்தாலன்றிக் கொடுப்போர்க்கும் நியாயமில்லை, கொள்வோர்க்கும் நியாயமில்லை என்பதனாலே என்க. நாணயமும் ஒரு மரக்காலே. புதிய நாணயத்தையும் இவ்வளவையாலேயே ஆராய்தல் தகும்.

இணையக் கடைகள் வாங்கிக்கொள்கின்றன, ஆதலின் அது நாணயமே என்பது இளைஞர்களின் முதல் வாதம். அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 2010 மே 22இல் அமெரிக்காவில் ஒருவர் 2 பீட்சாக்களுக்காக 10,000 பிட்காயின் கொடுத்தார். 2014 ஜனவரியில் ஓவர்ஸ்டாக் என்னும் பெரிய இணைய அங்காடி அதனை ஏற்கத் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே டெல், எக்ஸ்பீடியா, மைக்ரோசாப்ட் முதலிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் டெல் 2017இலும் எக்ஸ்பீடியா 2018இலும் இவ்வழக்கத்தைக் கைவிட்டன. கணிப்பொறி விளையாட்டுக்களை விற்கும் ஸ்டீம் 2016இல் தொடங்கி 2017 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. ஒருமுறை செலுத்துவதற்குக் கட்டணமே 20 டாலரை நெருங்கியதும், விலை ஓயாது அலைந்ததுமே அது கூறிய காரணங்கள். டெஸ்லா என்னும் மோட்டார்க் கம்பெனி 2021 மார்ச்சில் ஏற்று, மே மாதத்திலேயே மறுத்துவிட்டது. அந்நாணயத்தை உண்டாக்குவதற்குச் செலவாகும் மின்னாற்றலின் மிகுதியை அது காரணமாகக் காட்டிற்று.

ஏற்றுக்கொண்ட கடைகளிலும் விலைச்சீட்டு எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருந்தது? டாலரிலே எழுதப்பட்டிருந்தது. வாங்குவோர் பிட்காயின் கொடுத்தால், இடையில் நின்ற நிறுவனம் அதனைப் பெரும்பாலும் உடனே டாலராக மாற்றிக் கடைக்காரர் கையிற் கொடுத்தது. கல்யாணச் செலவுக்கு நகையை விற்று ரூபாயாக்குவது போன்றது இது. நகையை வாங்கும் கடை இருப்பதனால் நகை மரக்காலாகிவிடாது. அரசாங்கமே கட்டாயப்படுத்தியும் இந்நிலை மாறவில்லை. எல் சால்வடோர் என்னும் நாடு 2021 செப்டம்பர் 7 முதல் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கி, வியாபாரிகள் அதனை ஏற்றல் வேண்டும் என விதித்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டுச் சட்டமன்றமே அக்கட்டாயத்தை நீக்கிற்று.

ஆயினும் இளைஞர் கூறும் நன்மைகள் பொய்யல்ல. மேல்நாட்டில் கார்டு மூலம் பணம் வாங்கும் கடைக்காரர் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு கட்டணமாக இழக்கின்றனர். அயல்நாட்டில் உழைப்போர் வீட்டுக்குப் பணம் அனுப்பும் செலவு, உலக வங்கியின் கணக்குப்படி, சராசரியாக நூற்றுக்கு 6 பங்குக்கு மேலாகின்றது. தம் நாட்டுப் பணம் நாள்தோறும் மதிப்பிழக்கும் தேசத்தார்க்கும், வங்கியே இல்லாதார்க்கும் இப்புதிய வழி ஒரு புகலிடமாகலாம். இவற்றை மறுத்தல் நேர்மையன்று.

நம் ஊர் நிலையோ வேறு. 2016இல் தொடங்கிய யூபிஐ இன்று கும்பகோணத்து வெற்றிலைக் கடையிலும் உள்ளது. வங்கிக் கணக்கிலிருந்து அவ்வழியாக வரும் தொகைக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கலாகாது என்று 2020 ஜனவரி முதல் விதி வந்தது. சிங்கப்பூரின் பேநவ் முறையோடு யூபிஐ 2023 பிப்ரவரி 21இல் இணைக்கப்பட்டது. அங்கே உழைக்கும் நம் பிள்ளைகள் சிறுதொகைகளை அவ்வழியே அனுப்ப இடமுண்டு. மேல்நாட்டுக் கடைக்காரரை வருத்திய நோய் இங்கே பெரும்பாலும் தீர்ந்திருக்க, அவர் உண்ட மருந்தை நாம் ஏன் உண்ணவேண்டும்?

நாச்சியார்கோயில் குத்துவிளக்கையும் திருபுவனத்துப் பட்டையும் இணையத்தில் அயல்நாட்டார்க்கு விற்கும் அங்கத்தினர்கள் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். ஏற்றுமதிப் பொருளின் விலை அனுமதி பெற்ற வங்கியின் வழியாக வந்து சேரவேண்டும் என்பது அந்நியச் செலாவணியின் பொதுவிதி. மேலும், 2022ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் கிரிப்டோ நாணயத்தைக் கைமாற்றுவதால் வரும் இலாபத்துக்கு நூற்றுக்கு 30 வரியும், குறித்த வரம்புக்கு மேற்பட்ட கைமாற்றத்துக்கு நூற்றுக்கு 1 முன்பிடித்தமும் விதித்தது. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் இலாபத்திற் கழிக்கவும் இடங்கொடுக்கவில்லை. அந்நாணயத்தைக் கொடுத்து ஒரு வேட்டி வாங்கினாலும் அதுவும் கைமாற்றமே. அதற்கும் வரிக்கணக்கு எழுதவேண்டும். சில்லறைச் செலவுக்கு இத்தகைய காசு எங்ஙனம் உதவும்?

இனி அளவின் நிலையாமையை நோக்குவோம். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறக்குறைய 69,000 டாலர் விலை பெற்றது. 2022 நவம்பரில் 16,000 டாலர் அளவுக்கு இறங்கிற்று. 2024 டிசம்பரில் 1,00,000 டாலரைக் கடந்தது. ஏறியதையே இளைஞர் எடுத்துக் காட்டுவர்; இறங்கியதையே முதியோர் எடுத்துக் காட்டுவர். இரண்டுமே கேடு என்பது என் கருத்து. எவ்வாறெனின், 2021 நவம்பரில் நம் நிதியில் ஓர் இலட்சம் ரூபாயை அதில் வைத்திருந்தால், ஓராண்டில் அது சுமார் 25,000 ரூபாயாகக் குறைந்திருக்கும். விலை மீண்டும் ஏறும் வரையில் கல்லூரி காத்திருக்குமா? மறுபுறம், 2022 நவம்பரில் ஓர் உழவர் ஓர் இலட்சம் ரூபாய் பெறுமான பிட்காயினைக் கடனாக வாங்கி விதைக்கும் உரத்துக்கும் செலவிட்டிருந்தால், 2024 டிசம்பரில் அதே அளவு பிட்காயினைத் திருப்பித் தர 6 இலட்சத்துக்கு மேல் வேண்டியிருந்திருக்கும். அந்த இரண்டாண்டில் எந்த வயல் ஆறு மடங்கு விளைந்தது?

நாணயத்தின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியிருப்பதனால் மதிப்பு நிலைக்கும் என்பர். எண்ணிக்கை நிலைத்திருக்க, வேண்டுவோர் தொகை நாள்தோறும் ஏறி இறங்குமானால் விலைதான் அலையும். மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறப்பார்களோ, ஐப்பசி மழை அறுவடையைக் கெடுக்குமோ என்ற ஐயங்களோடு வாழும் நாம், அளக்கும் மரக்காலையும் ஐயத்துக்கு இடமாக்கிக்கொள்ளல் ஆகாது.

எஞ்சியுள்ளது காவல். பேரேட்டைத் திருத்துதல் அரிதாயினும், பெட்டியின் சாவியைத் திருடுதல் அரிதன்று. வசீர்எக்ஸ் என்னும் இந்தியப் பரிமாற்ற நிறுவனத்திலிருந்து 2024 ஜூலையில் ஏறக்குறைய 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் திருடுபோயின. கணக்கு வைத்திருந்தோர் நெடுநாள் தம் பொருளைத் தொடவியலாமல் தவித்தனர். அவ்வழியில் எழுந்த ஒரு வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் ஒருவகைச் சொத்தே. அதனை ஒருவர் உடைமையாகக் கொள்ளலாம், மற்றொருவர் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாகவும் வைத்திருக்கலாம் என்று கூறிற்று. உடையவர்க்கு இஃது ஓர் ஆறுதல். ஆயினும் அதனைச் சொத்து என்றது வேறு. பணம் என்றால் வேறு. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வெளியிட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கியதனால், வாங்குதல் குற்றமன்று என்பது தெளிவு. குற்றமல்லாதது யாவும் நிதிக்கு ஏற்றதாகிவிடாது.

நாணயம் என்னுஞ் சொல்லுக்கு நம் மொழியில் காசு என்று ஒரு பொருளும், சொன்ன சொல் தவறாமை என்று மற்றொரு பொருளும் உண்டு. சென்னையில் பெரும்பெயர் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் முறிந்தபோது, நம்பிப் பணம் போட்டோர் கண்ணீர் வடித்தனர். அவ்வனுபவத்தின் பின்னரே 1907இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. பிழை நேர்ந்தால் யார் விடை சொல்வது என்ற வினாவை நம் முன்னோர் அன்று கற்றனர். பிட்காயினின் பிறப்பிடத்திலேயே, விடை சொல்ல ஒருவரும் இலர்.

ஆகலின் என் முடிபு இது. கல்வி நிதியில் ஒரு காசும் அதில் வைத்தல் வேண்டா. வியாபாரிகள் விலையை ரூபாயிற் கூறி வங்கி வழியே பெறுக. தம் சொந்த மிகுதிப் பொருளில் சிறிது இட்டுப் பார்க்க விரும்புவோரைத் தடுப்பதற்குச் சங்கத்துக்கு உரிமையில்லை. ஆனால் நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் அதில் இறங்கற்க. நாள்வட்டி தருவோம், ஆள் சேர்த்தால் பங்கு தருவோம் என்று நாணயத்தின் பெயரைச் சொல்லி வருவோரை வாயிலிலேயே நிறுத்துக. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி காவிரிக்கரையார்க்கு யான் எடுத்துச் சொல்லவேண்டுவதன்று.

இளைஞர்களே! உங்கள் யோசனையில் நாணயத்தை விலக்கினேனேயன்றி, அதன் பின்னுள்ள கருத்தை விலக்கவில்லை. கணக்கு ஒருவர் பெட்டியில் மறைந்திராமல் எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்பதே அக்கருத்தின் உயிர். அதனை நாம் இன்றே ஏற்கலாம். கல்வி நிதிக்கு வந்தது, கொடுத்தது, எஞ்சியது ஆகியவற்றை நமது மாதப் பத்திரிகையில் திங்கள்தோறும் வெளியிடுதல் வேண்டும். அக்கணக்கை எழுதும் பொறுப்பை இளைஞர் இருவரிடம் ஒப்புவித்தல் வேண்டும். இதனை ஒரு தீர்மானமாக இம்மகாசபை நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.