நின்ற படிப்பைத் தொடரலாம்

(வானொலியில் விவசாயிகளுக்காக நிகழ்த்திய உரை)

வேளாண் விரிவாக்க அலுவலர், பாப்பிரெட்டிப்பட்டி



மஞ்சளிலே கிழங்கு அழுகல், மரவள்ளியிலே மாவுப்பூச்சி என்று பேசுகிற நான், இன்றைக்குப் படிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். "விவசாய அலுவலருக்குப் பள்ளிக்கூட விஷயத்திலே என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பூச்சிமருந்து டப்பாவிலே ஒட்டியிருக்கிற சீட்டு, மண் பரிசோதனை அட்டை, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் பத்திரம், பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம், இவை எல்லாம் எழுத்திலேதான் வருகின்றன. நாங்கள் சொல்கிற யோசனையிலே பாதி, வயலுக்குப் போகும் முன்பே காகிதத்திலே நின்றுவிடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1967-68-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டிலே விவசாயிகளுக்கான செயல்முறை எழுத்தறிவுத் திட்டம் தொடங்கினார்கள். வீரிய ரக விதைகள் வந்த காலம் அது. விவசாயிக்குப் பயிற்சி ஒரு பக்கம், வானொலி ஒலிபரப்பு ஒரு பக்கம், எழுத்தறிவு ஒரு பக்கம் என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். விதையும் உரமும் மட்டும் கொடுத்தால் போதாது, சீட்டைப் படிக்கிற கண்ணும் வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. பிறகு 1978 அக்டோபர் 2-ஆம் தேதி தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் வந்தது. அதற்கும் பின்னால் அறிவொளி இயக்கம் வந்தது. பெரியவர்கள் சிலேட்டும் அரிக்கேன் விளக்குமாக உட்கார்ந்து படித்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஆனாலும் நம் மாவட்டம் இன்னும் நடக்க வேண்டிய தூரம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலே, தமிழ்நாட்டிலே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 80 பேர். தர்மபுரி மாவட்டத்திலே 100-க்கு 68 பேருக்குச் சற்று மேல். அன்றைக்கு இருந்த 32 மாவட்டங்களிலே நாம்தான் கடைசி. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எழுத்துத் தெரியும், சான்று இல்லை

இன்று நான் பேசுவது முழுக்க எழுத்துத் தெரியாதவர்களைப் பற்றி மட்டும் அல்ல. ஆறாவதோ, ஏழாவதோ, ஒன்பதாவதோ படித்து, பாதியிலே நின்றவர்கள் நம் ஊர்களிலே நிறையப் பேர். மழை பொய்த்த வருஷம் அப்பா அம்மாவோடு பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன பையன். பெரியமனுஷி ஆனதும் வீட்டிலே நிறுத்தப்பட்ட பெண். பத்தாவதிலே கணக்குப் பாடத்திலே மட்டும் தவறி, அதோடு விட்டவர். இவர்களுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் கையிலே சான்று இல்லை.

பொம்மிடிப் பக்கம் ஒரு மகளிர் குழுக் கூட்டத்திலே ஓர் அம்மா என்னைக் கேட்டார்: "சார், என் பொண்ணு பத்தாவது எழுதறா. நான் ஏழாவதோட நின்னவ. அவ புஸ்தகத்தையே நானும் ராத்திரியிலே படிக்கிறேன். நான் எழுதறதுக்கு வழி இருக்கா?" பக்கத்திலே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் கேட்டதற்குரிய பதில்தான் இந்த உரை.

வழி இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது.

முதல் வழி: தனித்தேர்வர்

நம் மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம், பள்ளிக்குப் போகாதவர்களையும் தனித்தேர்வர்களாக எழுத விடுகிறது. எட்டாவது முடிக்காதவர்கள் முதலிலே ஈ.எஸ்.எல்.சி. என்கிற எட்டாம் வகுப்புத் தேர்வை எழுத வேண்டும். அதற்குப் பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் போதும். பத்தாம் வகுப்புக்குப் பதினான்கரை வயது முடிந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. நாற்பதோ ஐம்பதோ, யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள்.

முதன்முறை நேரடியாகப் பத்தாவது எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அறிவியல் பாடத்துக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு. தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, குறிப்பிட்ட பள்ளியிலே அந்தப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, வகுப்புக்கு 100-க்கு 80 நாளாவது போயிருக்க வேண்டும். இது தெரியாமல் தேர்வு நெருங்கும்போது ஓடி வந்து ஏமாந்து போகிறவர்கள் உண்டு. ஆகவே மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ, பக்கத்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ, பதிவு எப்போது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஏற்கெனவே பத்தாவது எழுதி ஓரிரு பாடத்திலே தவறியவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும்.

இரண்டாவது வழி: திறந்தநிலைப் பள்ளி

மத்திய அரசு 1989-இலே தேசிய திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்றைத் தொடங்கியது. 2002-இலே அதற்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று பெயர் மாற்றினார்கள். சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். இங்கே பத்தாம் வகுப்பிலே சேர 14 வயது ஆகியிருந்தால் போதும், மேல் வரம்பு இல்லை. இதற்கு முன் பள்ளிச் சான்று இல்லாதவர்கள், எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று தாமே எழுதிக் கொடுத்துச் சேரலாம்.

ஐந்து பாடம் தேற வேண்டும். ஐந்தையும் ஒரே மூச்சிலே எழுத வேண்டியதில்லை. ஒரு தடவை சேர்ந்தால் ஐந்து வருஷம் செல்லும். அதற்குள் ஒன்பது தடவை தேர்வு எழுத வாய்ப்பு. இந்தத் தடவை இரண்டு பாடம், அடுத்த தடவை ஒரு பாடம் என்று எழுதித் தேறினதைச் சேர்த்துக்கொண்டே போகலாம். தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை: ஏப்ரல் - மே ஒன்று, அக்டோபர் - நவம்பர் ஒன்று. தேர்ச்சிக்கு 100-க்கு 33 மதிப்பெண். பாடப் புத்தகங்களைக் கட்டணத்தோடு சேர்த்து அவர்களே தருகிறார்கள். தமிழிலேயும் படிக்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் கட்டணத்திலே சலுகை உண்டு. எட்டாவதுக்குக் கீழே நின்றவர்களுக்கு மூன்றாவது, ஐந்தாவது, எட்டாவதுக்குச் சமமான அடிப்படைக் கல்வியும் இங்கே தனியாக இருக்கிறது.

எது நல்லது என்று கேட்டால், உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. வேலைக்காகச் சான்று வேண்டுமென்றால், அந்த வேலைக்கு எந்தச் சான்றை ஏற்பார்கள், வயது வரம்பு என்ன என்பதை முதலிலே அந்த அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறிக்கொண்டு இருப்பவை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி இரண்டு வருஷத்தைப் போக்கிவிடாதீர்கள்.

சான்றினாலே என்ன பயன்?

"மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு எதுக்கு சார் மார்க் ஷீட்டு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி.

நம் பக்கத்து மஞ்சளைப் பொடியாக்கி விற்கவோ, மரவள்ளியிலே சிப்ஸ் போடவோ ஒரு சிறு ஆலை வைக்க நினைக்கிறீர்கள். பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலே மானியத்தோடு வங்கிக் கடன் கிடைக்கும். ஆனால் உற்பத்தித் தொழிலிலே திட்ட மதிப்பு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். சேவைத் தொழில், வியாபாரம் என்றால் 5 லட்சத்தைத் தாண்டும்போதே கேட்பார்கள். உரம், பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்காக ஐதராபாத்திலே உள்ள மேனேஜ் நிறுவனம் 2003-இலே தொடங்கிய 'டேசி' என்கிற ஓராண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதிலே சேரப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். கடையிலே பத்து வருஷம் கைவேலை பழகிய பையன், சான்று இல்லாததாலே வாசலிலேயே நிற்கிறான்.

சான்று ஒரு பக்கம் இருக்கட்டும். பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யூரியாவிலே 100-க்கு 46 பங்கு தழைச்சத்து. இப்போது வருகிற மூட்டை 45 கிலோ. அப்படியானால் ஒரு மூட்டையிலே இருக்கிற தழைச்சத்து 20 கிலோ 700 கிராம். "ஏக்கருக்கு 20 கிலோ தழைச்சத்து" என்று அட்டையிலே எழுதியிருந்தால், ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியா என்று நீங்களே சொல்லிவிடலாம். இது பள்ளியிலே சொல்லித் தருகிற சதவீதக் கணக்குத்தான்.

இன்னொன்று. 50,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்குகிறீர்கள். மாதம் 1,500 ரூபாய். வருஷத்துக்கு 18,000 ரூபாய். அதாவது நூற்றுக்கு 36. அதே பணத்தைக் கூட்டுறவுச் சங்கத்திலே பயிர்க்கடனாக வாங்கித் தவணை தப்பாமல் கட்டினால், நம் மாநிலத்திலே வட்டியே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவர் கந்துவட்டிக் கடைப் படியேறும் முன் ஒரு தடவை நின்று யோசிப்பார்.

வெள்ளாமையைப் பார்த்துப் பாடத்தைப் போடுங்கள்

நம் வட்டாரத்திலே தை, மாசியிலே மஞ்சள் வெட்டு. அதைத் தொட்டு வேகவைப்பு, காயப்போடுதல், மெருகேற்றுதல். பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வோ பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலே வருகிறது. மஞ்சள் போட்டிருப்பவர் தைக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று இருந்தால் புத்தகத்தைத் தொடவே முடியாது. ஆகவே ஆவணி தொடங்கி மார்கழிக்குள் பாடத்தை ஒரு சுற்று முடித்துவிட வேண்டும். தை, மாசியிலே படித்ததைத் திருப்பிப் பார்க்க மட்டும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களிலே மூச்சுவிட நேரம் இல்லாதவர்களுக்கு, அக்டோபர் - நவம்பர் தேர்வு உள்ள திறந்தநிலைப் பள்ளி தோதாக இருக்கும்.

தினம் ஒரு மணி நேரம் போதும். ஆனால் தினமும் வேண்டும். பால் கறந்து ஊற்றிவிட்டு வந்த பிறகோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னோ, ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் படித்தால் மூன்றாம் வாரம் சலித்துப் போகும். நாலைந்து பேராகச் சேருங்கள். மகளிர் குழுவோ, உழவர் மன்றமோ இருந்தால் அதிலேயே சேர்ந்து படிக்கலாம். ஊரிலே பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளிடம் கணக்கும் ஆங்கிலமும் கேளுங்கள். தம்பியிடமும் மகளிடமும் கேட்பதிலே வெட்கம் எதற்கு? நாற்று எடுக்கத் தெரியாத பிள்ளைக்கு நீங்கள் சொல்லித் தரவில்லையா?

குடும்பத்தாரும் ஒத்துழைக்க வேண்டும். வீட்டிலே அம்மா படிக்க உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அடுப்பைப் பார்ப்பதும் மற்றவர் வேலை. இதை ஆண்களுக்காகவே சொல்கிறேன்.

ஏமாறாதீர்கள்

"பணம் கொடுங்க, பரீட்சை எழுத வேண்டாம், சான்று வீட்டுக்கே வரும்" என்று சொல்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். போலி விதையைப் போல்தான் இதுவும். மூட்டை அழகாக இருக்கும், முளைக்காது. சான்றின் உண்மைத்தன்மையை அலுவலகங்கள் சரிபார்க்கின்றன. பிடிபட்டால் பணம் போவதோடு நிற்காது, வழக்கும் வரும். கட்டணத்தை அரசு சொல்கிற முறையிலே கட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேரளத்துப் பாட்டி

வயது ஒரு தடை என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. கேரளத்திலே ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018-இலே அந்த மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதி 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 96. 2020-இலே மத்திய அரசின் நாரி சக்தி விருதும் பெற்றார். 2023-இலே காலமானார். அந்த மாநிலத்திலே எழுத்தறிவோடு நிறுத்தாமல், நாலாவது, ஏழாவது, பத்தாவது, பன்னிரண்டாவது என்று பெரியவர்களுக்குச் சமநிலைப் படிப்பை அரசே நடத்துகிறது. நமக்கும் வழி திறந்துதான் இருக்கிறது. நாம்தான் நடக்க வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

முதலாவதாக, நீங்கள் கடைசியாகப் படித்த பள்ளிக்குப் போங்கள். சேர்க்கைப் பதிவேட்டிலே உங்கள் பெயர் இருக்கும். மாற்றுச் சான்றிதழோ பதிவுத்தாளோ கேட்டு வாங்குங்கள். இரண்டாவதாக, அதிலே உள்ள பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் ஆகியவற்றை ஆதார் அட்டையோடு ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல். திருத்த வேண்டியதை இப்போதே திருத்துங்கள். மூன்றாவதாக, மாவட்டக் கல்வி அலுவலகத்திலே தனித்தேர்வுக்கான பதிவு நாளைக் கேளுங்கள். திறந்தநிலைப் பள்ளிக்கு அருகிலே எந்தக் கல்வி மையம் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். நான்காவதாக, கூடப் படிக்க இரண்டு பேரைச் சேருங்கள்.

பொம்மிடிப் பக்கத்து அம்மாவைப் போல, மகளின் புத்தகத்தை இரவிலே புரட்டுகிறவர்கள் இன்னும் எத்தனையோ வீடுகளிலே இருப்பார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கத்திலே இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.