அடைத்துச் சுட்ட உருளைக்கிழங்கு: ஆளுக்கு ஒன்று, நமக்கும் ஒன்று

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ‘சத்துள்ள சமையல்’ நேரத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



சேமிப்பு, உள்கடன், தவணை பாக்கி எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ கொஞ்ச நேரம் அடுப்படிக் கணக்கைப் பேசுவோம். உருளைக்கிழங்கை வேக வைத்து, நடுவைக் குடைந்து, உள்ளே சத்தான பொருளை அடைத்து, சுட்டுத் தொட்டுக்க வைக்கிறது எப்படி என்று சொல்லப் போகிறேன். “இது ஓட்டல் பலகாரமாச்சே, அதுக்கு அவன் எல்லாம் வேணுமே” என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்ம வீட்டு இரும்புச் சட்டி போதும். விறகு அடுப்பு இருந்தால் இன்னும் நல்லது.

உருளைக்கிழங்கு நம்ம நாட்டுக் கிழங்கு இல்லை. தென் அமெரிக்க மலை ஜனங்கள் பயிர் செய்த கிழங்கு அது. நம்ம நீலகிரியில் 1820-களில், வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் பயிராகத் தொடங்கியது. இன்றைக்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாக எல்லா ஊர்ச் சந்தைக்கும் வந்துவிடுகிறது. அடைத்துச் சுடுவதும் புதுசு இல்லை. பஞ்சாபில் பன்னீர் அடைத்துத் தந்தூர் அடுப்பில் சுடுவாங்க. துருக்கி நாட்டில் பெரிய உருளையைச் சுட்டு, பிளந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்டுப் பிசைந்து, ‘கும்பிர்’ என்று தெருக்கடையில் விற்பாங்க. நாம முருங்கைக்கீரையும் நிலக்கடலையும் அடைப்போம்.

ஏன் இந்தப் பண்டத்தைச் சொல்கிறேன்?

உருளைக்கிழங்கு பொரியல் செய்தால் என்ன நடக்குது? வீட்டுக்காரருக்கு ரெண்டு கரண்டி. பையனுக்குப் பிடிக்கும் என்று ரெண்டு கரண்டி. மாமனார், மாமியாருக்கு ஒவ்வொரு கரண்டி. பொண்ணுக்கு ஒரு கரண்டி. கடைசியில் நாம உட்காரும்போது சட்டியில் ஒட்டினது மட்டும் இருக்கும். அதில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, “எனக்கு இதுதான் ருசி” என்று சொல்லிச் சாப்பிட்டு எழுந்திருப்போம். கரண்டியில் அள்ளிப் போடுகிற பண்டத்தில் யாருக்கு எவ்வளவு போச்சு என்று யாருக்கும் தெரியாது. நமக்கே தெரியாது.

அடைத்த உருளை அப்படி இல்லை. எண்ணி வைக்கிற பண்டம். வீட்டில் ஆறு பேர் என்றால் ஆறு உருளை. ஆறாவது யாருது? சமைத்தவளுது. நம்ம குழு பேரேட்டில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பக்கம் இருக்கிற மாதிரி, சாப்பாட்டிலேயும் நம்ம பேருக்கு ஒரு கணக்கு வேணும்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இங்கே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அதில் அஞ்சு பேர் என்று வைச்சுக்கோங்க. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது, களை எடுக்கும்போது கண்ணைக் கட்டுது என்கிறோம். “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடுகிறோம். கடைசியாகச் சாப்பிடுகிறதும், மிச்சத்தைச் சாப்பிடுகிறதும் அதற்கு ஒரு காரணம்.

உருளை மட்டும் போதாது

உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், மீதியில் பெரும்பகுதி மாவு. 100 கிராம் கிழங்கில் புரதம் 2 கிராம்கூட முழுசாக இருக்காது. சோறும் மாவு, உருளையும் மாவு. அதனால்தான் உள்ளே வைக்கிற பொருள் முக்கியம். 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கு. அதை ஆறு உருளையில் பங்கு போட்டால், கிழங்கில் இருப்பதையும் சேர்த்து, ஒரு உருளைக்குச் சுமார் 6 கிராம் வரும். அது ஒரு முட்டையில் உள்ள புரதத்துக்குச் சமம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேணும். ஒரே உருளையில் அது நிறைந்துவிடாது. ஆனால் ரசத்துச் சோறும் ஊறுகாயுமாக முடிகிற சாப்பாட்டுக்கு இது பெரிய உதவி.

முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து இருக்கு. கீரையில் இருக்கிற இரும்பு உடம்பில் ஒட்ட வேண்டுமானால் கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் மாதிரி புளிப்பு இருந்தால் நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிங்க.

தேவையான பொருள்கள் (ஆறு பேருக்கு)

உருளைக்கிழங்கு – 6 (கிலோவுக்கு எட்டு நிற்கிற அளவு; முக்கால் கிலோ)
வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை – 100 கிராம்
ஆய்ந்த முருங்கைக்கீரை – 2 கைப்பிடி
சின்ன வெங்காயம் – 10
பச்சை மிளகாய் – 2
பூண்டு – 5 பல், இஞ்சி – சிறு துண்டு
எலுமிச்சம்பழம் – அரை மூடி
மிளகாய்த்தூள் – 1 தேக்கரண்டி
மஞ்சள்தூள், பெருங்காயம் – சிறிதளவு
கடலை எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
உப்பு – தேவைக்கு

கிழங்கு வாங்கும்போது

அடைக்கிறதுக்குப் பழைய கிழங்குதான் நல்லது. புதுக் கிழங்கின் தோல் விரலால் தேய்த்தாலே உரியும், உள்ளே ஈரமாக இருக்கும். பழைய கிழங்கு மாவாக வேகும். எல்லாம் ஒரே அளவாகப் பொறுக்குங்க. அப்போதான் ஒண்ணு குழைந்து ஒண்ணு வேகாமல் இருக்காது. “எனக்குச் சின்னது போதும்” என்று சொல்லவும் வழி இருக்காது!

தோல் பச்சை நிறமாக இருக்கிற கிழங்கை வாங்காதீங்க. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும், முளையும் விடும். அந்தப் பச்சையிலும் முளையிலும் ஒரு விஷச்சத்து சேருது. அது வேக வைத்தாலும் போகாது. வயிற்று வலி, வாந்தி வரும். கொஞ்சமாகப் பச்சை இருந்தால் ஆழமாகச் சீவி எறியுங்க, முளைக்கண்ணைத் தோண்டி எடுங்க. நிறையப் பச்சையாக இருந்தாலும், கசந்தாலும் முழுசையும் தூக்கிப் போட்டுடுங்க. வாங்கின கிழங்கை பாலிதீன் பையில் கட்டி வைக்காமல், சாக்கிலோ கூடையிலோ, காற்று வருகிற இருட்டு மூலையில் வைங்க. வெங்காயத்தோடு சேர்த்து வைக்க வேண்டாம், சீக்கிரம் கெடும்.

செய்முறை

கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலோடு முக்கால் பதம் வேக வைக்கணும். குக்கரில் ஒரு விசில். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்த பிறகு பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷம். ஈர்க்குச்சியால் குத்தினால் உள்ளே இறங்கணும், ஆனால் கிழங்கு வெடித்திருக்கக் கூடாது. எடுத்து நன்றாக ஆற விடுங்க. சூட்டோடு குடைந்தால் உடைந்துவிடும்.

ஆறினதும் மேல் பக்கம் மெல்லிசாக ஒரு வில்லை வெட்டி எடுங்க. அதுதான் மூடி. அடிப்பக்கமும் லேசாகச் சீவினால் நிமிர்ந்து நிற்கும். சின்ன ஸ்பூனால் நடுவைக் குடையணும். சுற்றிலும் சுண்டுவிரல் கனம் சுவர் இருக்கட்டும். குடைந்து எடுத்ததை எறிய வேண்டாம், அதுவும் உள்ளேதான் போகப் போகுது.

சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டு, இஞ்சி, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் வதக்குங்க. “உருளை வாயு” என்கிற பெரியவங்களுக்காகத்தான் பூண்டும் இஞ்சியும் பெருங்காயமும். பிறகு கீரையைப் போட்டு மூன்று நிமிஷம் வதக்கினால் சுருண்டுவிடும். நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துப் போட்டு, குடைந்த கிழங்கு, உப்பு சேர்த்துப் பிசறி இறக்குங்க. எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழியணும்.

இதை உருளைக்குள் அழுத்தி நிரப்பி, மூடியை வைங்க. மீதி இருந்தால் மேலே கும்பமாக வைத்தாலும் சரிதான். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் குழைத்து வெளியே பூசிவிடுங்க.

சுடுவதற்கு மூன்று வழி

ஒன்று, இரும்புச் சட்டி. அடிகனமான சட்டியில் மீதி எண்ணெயைத் தடவி, உருளைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி நிறுத்தி, மூடி போட்டு, தீயை மிகவும் குறைத்து இருபது நிமிஷம் வைங்க. விறகு அடுப்பானால் இரும்புத் தட்டால் மூடி, அதன் மேல் நாலைந்து கங்கு எடுத்து வைங்க. மேலேயும் கீழேயும் சூடு பட்டால் மேல்பக்கமும் சிவக்கும்.

இரண்டு, மணல் சட்டி. கடலை வறுக்கிற மணல் இருக்கில்லையா, அதை ஒரு பழைய கனமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் பரப்பிப் பத்து நிமிஷம் சூடாக்குங்க. மேலே ஒரு பிரிமனை மாதிரி இரும்பு வளையம், அதன் மேல் உருளை அடுக்கிய தட்டு. மூடி போட்டு மிதமான தீயில் அரை மணி நேரம். இதுதான் நம்ம ஊர் அவன். ஆனால் தினமும் சமைக்கிற குக்கரை இதற்குப் பயன்படுத்தாதீங்க. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் அதன் ரப்பர் வளையம் கெட்டுப்போகும்.

மூன்று, சாம்பல். இதற்கு வேக வைக்கவே வேண்டாம், தனி விறகும் வேண்டாம். சமையல் முடிந்த அடுப்பில் கங்கு கலந்த சுடுசாம்பலில் பச்சைக் கிழங்கைப் புதைத்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுடுங்க. புதைக்கும் முன்னே நாலு இடத்தில் குத்திவிடணும். இல்லாவிட்டால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கலாம். எடுத்துத் தட்டித் துடைத்து, கீறி, குடைந்து, வதக்கிய பொருளை அடைத்து அப்படியே சாப்பிடலாம். ஒரு எச்சரிக்கை: பாலிதீன் பை, பெயின்ட் அடித்த மரக்கட்டை எரிக்கிற அடுப்பில் இதைச் செய்யாதீங்க. அந்த விஷம் சாம்பலில் இருக்கும். அடுப்புப் பற்ற வைக்கவே பாலிதீனை விட்டுட்டால் நம்ம நெஞ்சுக்கும் நல்லது.

மாற்றி அடைக்கலாம்

முருங்கை கிடைக்காத நாளில் அரைக்கீரை, தண்டுக்கீரை எதுவானாலும் சரி. நிலக்கடலைக்குப் பதில் வேக வைத்த கொண்டைக்கடலை, தட்டைப்பயறு மசித்துப் போடலாம். மூன்று முட்டையை வேக வைத்து உதிர்த்து, மிளகுத்தூள் போட்டு அடைத்தால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும். நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்தும் அடைக்கலாம், அப்போ உப்பைக் குறைச்சுக்கோங்க.

ரசத்துச் சோறு, தயிர்ச் சோறு, கம்மங்கூழ், சப்பாத்தி எல்லாத்துக்கும் இது பொருந்தும். செய்த அன்றே சாப்பிட்டுடணும். வெளியில் மூடி வைத்து மறுநாள் கொடுக்க வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவங்க கேட்பீங்க. உருளையும் மாவுதான், அதனால் கூடுதலாகச் சாப்பிடக் கூடாது. ஒரு உருளை எடுத்தால் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்க. சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்காமல் உருளையும் கீரையும் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லணும். இரத்தசோகை வந்த பிறகு உருளையும் கீரையும் மட்டும் அதைக் குணமாக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் விடாமல் சாப்பிடணும். சாப்பாடு அதற்குத் துணை.

நம்ம உருளையை யாருக்கும் கொடுக்க வேண்டாம்

செய்து இறக்கினதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பையன் “இன்னொண்ணு இருக்கா?” என்று கேட்பான். நம்ம கை தானாகவே ஆறாவது உருளைப் பக்கம் போகும். அந்த இடத்தில்தான் நிறுத்தணும். “அது அம்மாவுது” என்று சொல்லிப் பழகுங்க. கோபமாகச் சொல்ல வேண்டாம், சாதாரணமாகச் சொல்லுங்க. பிள்ளைக்குப் பசி அடங்கவில்லை என்றால் அடுத்த தடவை ஏழாகச் செய்வோம். நம்மதை எடுத்துக் கொடுத்தால், அம்மாவுக்கு ஒண்ணும் வேண்டாம் என்றுதான் அந்தப் பையன் கற்றுக்குவான். நாளைக்கு அவன் வீட்டுக்கு வருகிற பொண்ணுக்கும் அதே கதிதான். நம்ம பொண்ணும் நம்மைப் பார்த்து இன்னொரு வீட்டில் சட்டியைத்தான் வழிப்பாள்.

முடிந்தால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்க. முடியாத வீட்டில், பரிமாறும் முன்னே நம்ம தட்டில் ஒண்ணு எடுத்து மூடி வைங்க. யாரும் தப்பாக நினைக்க மாட்டாங்க. நினைத்தாலும் ரெண்டு நாளில் பழகிடும். முதல் முதலில் குழுக் கூட்டத்துக்குக் கிளம்பினபோதும் இப்படித்தானே பேசினாங்க!

ஒவ்வொரு குழுவும் இந்த மாதம் ஒரு தடவை இதைச் செய்து பாருங்க. அடுத்த கூட்டத்தில் வருகையும் சேமிப்பும் எழுதின பிறகு, ஊக்குநர் ஒரு கேள்வி கேட்கட்டும்: “உன் பங்கை நீ சாப்பிட்டியா?” எத்தனை பேர் “ஆமாம்” என்று சொன்னாங்க என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வைங்க. மூன்று மாதம் கழித்து அந்த எண்ணிக்கை கூடியிருக்கா என்று கூட்டமைப்பில் எல்லோருமாகப் பார்ப்போம்.