கொத்துத் தலைவலி: வருமுன் காத்தலும் வந்தபின் தீர்த்தலும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் ஒரு தலைவலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். மருத்துவம் நம் சமுதாயத்திற்கு அயலான துறை அன்று. 1907-ஆம் ஆண்டில் இதழ் தொடங்கி நம் மக்களை எழுப்பிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர். எழுதுகோல் பிடித்த அவர் கையே நாடி பார்த்த கையுமாகும். அன்றியும், நான் சொல்லப்போகும் செய்தி நோயைப் பற்றியது மட்டுமன்று. நம்பப்படாத வலியைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் பணிமனை ஒன்றில் வேலைசெய்யும் நம் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். ஆண்டுதோறும் மார்கழி பிறந்ததும் அவருக்கு வலது கண்ணின் பின்புறம் வலி தொடங்கும். நள்ளிரவு ஒன்றரை மணிக்கு, கடிகாரம் வைத்தாற்போல் வரும். கண் சிவந்து நீர் வடியும், மூக்கு ஒழுகும், இமை சரியும். படுக்க இயலாமல் முற்றத்தில் நடப்பார்; சுவரில் தலையை மோதிக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் வலி விட்டுவிடும். இரண்டு திங்கள் இவ்வாறு வதைத்தபின் பத்துத் திங்கள் சுவடின்றி மறைந்துவிடும். பல்வலி என்று இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். பீனிசம் என்று மருந்திட்டார்கள். வீட்டார் பேய் என்று வேப்பிலை அடித்தார்கள். மேற்பார்வையாளரோ வேலைக்கு அஞ்சி நடிக்கிறான் என்று கூலியைப் பிடித்தார். நானும் குற்றமற்றவன் அல்லேன். முதன்முறை வந்தபோது ஐந்து நிமிடத்தில் வலி மாத்திரை எழுதித் தந்து அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு அவருடைய தாயார் வந்து, "ஐயா, பிள்ளை உயிரை விட்டுவிடுவேன் என்கிறான்" என்று அழுத பின்னரே நான் அமர்ந்து கேட்டேன்.

அந்நோய்க்குக் கொத்துத் தலைவலி என்று பெயர். வலிகள் கொத்துக் கொத்தாக ஒரு பருவத்தில் வருதலின் இப்பெயர் பெற்றது. ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு உண்டாவது, ஆடவரிடம் மிகுதி. ஒவ்வொரு வலியும் 15 நிமிடம் முதல் 180 நிமிடம் வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டு முறை வரையிலும் வரலாம். ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டறையில் அசையாது படுப்பார். இவரோ ஓரிடத்தில் இருக்கமாட்டார். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுங்கள். மூளையின் அடிப்பகுதியில் உடலின் நாட்கடிகாரம் அமைந்த ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி வலியின்போது கிளர்ச்சியுறுவதை 1998-இல் படமெடுத்துக் காட்டினர். நோய் நேரந்தவறாது வருவதன் காரணம் அங்கே இருக்கிறது, பேயிடம் இல்லை.

இனி மருத்துவத்திற்கு வருவோம். அது இரு வகைப்படும். வந்த வலியை அடக்குவது ஒன்று. வராமல் தடுப்பது மற்றொன்று.

வந்த வலிக்குச் சாதாரண வலி மாத்திரைகள் பயன்படா. மாத்திரை கரைவதற்குள் வலி உச்சத்தை எட்டிவிடும். இரண்டே முறைகள் முதன்மையானவை. ஒன்று தூய பிராணவாயு. நிமிடத்திற்கு 12 முதல் 15 லிட்டர் வீதம், வெளிக்காற்று கலவாத முகமூடியின் வழியே, 15 நிமிடம் நிமிர்ந்து அமர்ந்து மூச்சிழுக்க வேண்டும். 2009-இல் வெளியான ஆய்வொன்றில் பிராணவாயு பெற்றபோது நூற்றுக்கு 78 வலிகள் அடங்கின. வெறுங்காற்றுப் பெற்றபோது 20 மட்டுமே. உடலுக்குக் கேடு மிகக் குறைவு. ஆனால் ஒரு முறைக்குக் குறைந்தது 180 லிட்டர் செலவாகும். 1500 லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டர் எட்டு முறைக்கே போதும். கொரோனாக் காலத்தில் நாம் கண்ட ஐந்து லிட்டர்க் கருவி இதற்குப் போதாது. சிலிண்டர் இருக்கும் அறையில் பீடியோ விளக்கோ கூடவே கூடாது. மற்றொன்று, சுமாட்ரிப்டான் 6 மில்லிகிராம் ஊசி. தோலுக்கடியில் போட்டுக்கொண்டால் பெரும்பாலோர்க்குக் கால் மணி நேரத்தில் வலி தணியும். ஆயினும் ஒரு நாளைக்கு இரண்டு ஊசிகளுக்கு மேல் ஆகாது. மாரடைப்போ இதய இரத்தக்குழாய் அடைப்போ உடையவர்க்கு அறவே ஆகாது.

தடுப்பு மருந்துகளில் முதலிடம் வெரபாமிலுக்கு. விலை மலிவான பழைய இரத்த அழுத்த மாத்திரை அது. நாளொன்றுக்கு 240 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். மலச்சிக்கல், கால்வீக்கம் உண்டாகலாம். அதனினும் முக்கியமானது, இதயத்தின் மின்னோட்டத்தை அது தாமதப்படுத்தக்கூடும். ஆதலின் தொடங்குமுன்னும், அளவை உயர்த்தும்போதெல்லாமும் இ.சி.ஜி. எடுத்தே ஆகவேண்டும். ஒற்றைத் தலைவலி என்று தவறாகக் கருதி முன்பே புரோப்ரனலால் கொடுத்திருந்தால், அதனோடு வெரபாமிலைச் சேர்ப்பது இதயத்திற்கு ஆபத்தாகும்.

பிரட்னிசோலோன் விரைவில் பலன் தரும். வெரபாமில் வேலைசெய்யத் தொடங்கும்வரை பாலமாக நிற்கும். ஆனால் அதைக் குறுகிய காலமே உண்ணலாம். சர்க்கரையை ஏற்றும், அடங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளப்பும், திரும்பத் திரும்ப உண்டால் இடுப்பெலும்பை அரிக்கும். பிடரி நரம்பருகே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் இத்தகைய பாலமே. லித்தியம் நோய் ஓயாதவர்க்கு உதவுவது. அதற்கு இரத்த அளவும், சிறுநீரகமும், தைராய்டும் சோதிக்கப்பட வேண்டும். அதை உண்பவர் கடையில் டைக்ளோபினாக் வாங்கி விழுங்கினால் லித்தியம் நஞ்சாகக்கூடும். கால்கனெசுமாப் என்னும் புதிய ஊசியை இந்நோய்க்குப் பயன்படுத்த 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பருவந்தோறும் வந்துபோகும் வகைக்கு அது பயன் தந்தது. ஓயாத வகைக்கு ஆய்வில் பயன் காணப்படவில்லை. விலையோ நம்மனோர் எட்டுந்தொலைவில் இல்லை.

இவற்றை எவ்வாறு எடைபோடுவது? மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். பருவம் எத்தனை வாரம் நீடிக்கிறது? மூன்று வாரத்தில் ஓய்வதாயின், வெரபாமில் பலன் தருமுன் நோயே போய்விடக்கூடும். பிராணவாயுவும் பாலமருந்துமே போதுமாகலாம். நாளுக்கு எத்தனை முறை வருகிறது? இரண்டுக்கு மேலாயின் ஊசியை மட்டும் நம்ப இயலாது, தடுப்பு வேண்டும். மூன்றாவது, உடலில் வேறு நோய் உண்டா, உண்ணும் மருந்து என்ன? இவ்வினாக்களுக்கு விடை சொல்ல வல்லது ஒரு நாட்குறிப்பு. வலி வந்த நேரம், நீடித்த நிமிடம், உட்கொண்ட மருந்து ஆகிய மூன்றையும் எழுதிவைத்தால் மருத்துவரின் பாதி வேலை முடிந்தது. பருவம் நடக்கும்போது மது அருந்தினால் ஒரு மணி நேரத்திற்குள் வலியை அழைத்து வரும். ஆகையால் அதை அறவே விலக்க வேண்டும்.

அந்த இளைஞர் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் குறிப்பேட்டில் ஒரு நாளும் தவறாமல் எழுதினார். இரண்டு திங்கள் நீளும் பருவம், இரவில் மூன்று வலி. இ.சி.ஜி.க்காக அரசு மருத்துவமனை செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும் என்பதையும் அவரே கணக்கிட்டார். எல்லாவற்றையும் எடுத்துரைத்தேன். "கூலி போனால் போகட்டும், ஐயா, இரவு வேண்டும்" என்றார். வெரபாமில் தொடங்கினோம். 480 மில்லிகிராமில் இ.சி.ஜி. சற்று மாறியது, ஒருபடி குறைத்தோம். நோய் முற்றிலும் நின்றதென்று சொன்னால் பொய்யாகும். இரவில் மூன்றாக வந்தது வாரத்திற்கு இரண்டாயிற்று. அவற்றைப் பிராணவாயு அடக்கியது. கால் வீங்கியது, பொறுத்துக்கொண்டார். பருவம் முடிந்ததும் மாத்திரையைச் சிறிது சிறிதாக நிறுத்தினோம். அடுத்த மார்கழியில் முதல் வலியன்றே வந்தார். அவ்வாண்டு பற்கள் எதையும் இழக்கவில்லை, வேலையையும் இழக்கவில்லை.

இளைஞர்களே, நான் சொன்ன அளவுகளைக் கொண்டு யாரும் தாமே மருந்துண்ண வேண்டா. திடீரென இடிபோல் வரும் தலைவலி, காய்ச்சலோடு வருவது, கைகால் தளர்வோடு வருவது ஆகியன வேறு நோய்கள்; உடனே மருத்துவமனை செல்க. கொத்துத் தலைவலியே என்று தோன்றினும், முதன்முறை தலையைப் படமெடுத்துப் பார்ப்பது நலம்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது நோயுற்றவனையே முதற்கூறாக வைத்தார். மருத்துவன் அவனுக்குப் பின்னரே வருகிறான். நம் மக்களோ நெடுங்காலம் மருத்துவர் முன் வாய் பொத்தி நின்றே பழகியவர்கள். "இந்த மருந்து எதற்கு? வேறு வழி உண்டா? இதனால் கேடு என்ன?" என்று கேட்கும் துணிவையும் கல்வி தரவேண்டும். நம் சங்கத்து மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நோயாளிக்கு நாட்குறிப்பு எழுதித் தரட்டும். மருத்துவமனைக்கு உடன் செல்லட்டும். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் நம்புங்கள். நான் ஓர் ஆண்டு தாமதமாகக் கற்ற பாடம் அது. நீங்கள் இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.